நாளைக்கு விடுதலையாம்

— அந்தக் கொடுவாளைக் கீழ வையி ஆத்தா காசி. தீட்டித் தீட்டி அது பாதியாப் போச்சு. நாளைக்கு பஸ்ஸுல வரவன் நீ நெனைக்கற ஆளு இல்ல.

— குப்புராஜ் பெரியப்பா, இந்த வெய்யில்ல எதுக்கு வந்தீங்க? பானையில மோரு இருக்குது, குடிங்க. தண்டோராவ நானுந்தான் கேட்டேன். நாளைக்கு விடுதலைன்னு சொன்னான்.

— விடுதலைதான். யாருக்குன்னு சொன்னானா?

— நம்ம ஊருல அதைத் தனியா வேற சொல்லணுங்களா? பதினெட்டு வருசமா அந்த வார்த்தைக்கு இங்க ஒரே ஆளுதான். வெட்டு மாதப்பன்.

— அதான் கோளாறே. மணியக்காரர் தண்டோராக்காரன்கிட்டக் குடுத்தனுப்புனது நாலு சேதி. வெள்ளக்காரன் போறான். நாட்டுக்கு விடுதலை. காலையில பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்துல கொடி ஏத்தறாங்க. வர புள்ளைங்களுக்கு மிட்டாய். இவன் வர வழியில ஓடைக்குள்ள எவனோ திருட்டுத்தனமாக் காச்சுனத ஊத்திக்கிட்டிருக்கான். பாதி சேதி ஓடையிலயே தங்கிடுச்சு. ஊருக்கு வந்து சேந்தது விடுதலையும் மிட்டாயும்.

— அந்த மிட்டாய்தான் பெரியப்பா ஊரையே கொளுத்திடுச்சு. நாலு உசுரைத் தின்னவன வெளிய விடறதுக்கு மிட்டாய் வேறயான்னு செல்லம்மா ஒரலத் தள்ளிவுட்டுட்டு எந்திரிச்சா. அவ புருசன் மம்பட்டியத் தூக்கிட்டான். அப்பறம் வூட்டுக்கு ஒரு ஆளா எல்லாரும் முனியப்பன் கோயிலுக்குப் போயிட்டாங்க.

— நானும் அங்க இருந்துதான் வரேன். வத்தல்மலையில இருந்துகூட ஆளு எறங்கியிருக்குது. நாளைக்கு வெடியக்காலம் கெளம்பறாங்களாம். தருமபுரியில இருந்து வர, அடுப்புல கரி போட்டு ஓட்டற பஸ்ஸு ஆலமரத்து மேட்டுல ஏற முடியாம நிக்கும், எல்லாரும் எறங்கித் தள்ளணும். அங்க வெச்சு முடிக்கறதுன்னு பேச்சு.

— நல்ல எடந்தான்.

— நல்ல எடமா? நாளைக்கு ஜெயிலு ஜெயிலா ஆளுங்கள விடுவாங்கன்னு பேச்சு. கொடி புடிச்சவன், உப்புக் காச்சுனவன், கதரு கட்டுனவன். எவனோ ஒரு நரைச்ச தல மூட்டையோட எறங்குவான். மாதப்பன்னு ஒருத்தன் கத்துனாப் போதும், கேள்வி முறை கெடையாது. நீ வந்து வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. அவங்க சத்தியம் பண்ணது உம் பேர்ல. நீ சொன்னாத்தான் கலைவாங்க.

— நான் எதுக்கு வேணாம்னு சொல்லணும்? பண்டம் எடுக்க வந்தவன் எடுத்துட்டுப் போயிருக்கலாம். எம் மாமனார், மாமியார், எம் புருசன். தொட்டில்ல கெடந்தவன் என்னா சாட்சி சொல்லப் போறான்? பாலு மறந்த புள்ளைய மாமியார்கிட்ட வுட்டுட்டு ஆடிக்கு அம்மா வூட்டுக்குப் போன பாவத்துக்கு நான் மிச்சமாயிட்டேன். சேலம் கோர்ட்டுல தூக்குன்னாங்க. மெட்ராசு கோர்ட்டுல ஆயுசுன்னாங்க. அவன் ஆயுசு அங்க எப்புடிப் போகுதுன்னு ஊருக்கு யாரு சொன்னது?

— நாந்தான் சொன்னேன்.

— வருசா வருசம் புளி விக்க சேலம் போயிட்டு வந்து சொன்னீங்க. மாதப்பன் குறட்டையில ஜெயிலு செவுரு வெடிச்சு, கொத்தனாரு வந்து சுண்ணாம்பு வெச்சுப் பூசறான்னு சொன்னீங்க. வெள்ளக்கார சூப்பிரண்டு அவனோட தாயம் ஆடித் தோத்துப் போயி தொப்பியக் குடுத்துட்டான்னு சொன்னீங்க. ரேசன் கடையில நாங்க பூச்சி சோளத்துக்கு நிக்கறப்ப, அரிசி பழசுன்னு அவன் மொகம் சுளிச்சதுக்கு தஞ்சாவூருல இருந்து புது அரிசி ரயிலேறி வருதுன்னு சொன்னீங்க. பல்லு விழுந்ததும் தங்கத்துல பல்லு கட்டி வுட்டாங்கன்னு...

— தங்கம்னு நான் சொல்லவே இல்ல காசி. பித்தளைன்னுதான் சொன்னேன். தெரு முக்கு திரும்பறதுக்குள்ள ஊரு அதத் தங்கமாக்கிடுச்சு. பொய்யில எனக்கு ஒரு அளவு உண்டு.

— அந்தப் பல்லக் கேட்டுட்டு ஊருல ரெண்டு நாளு ஒருத்தரும் சரியாச் சாப்பிடல.

— தெரியும். அதுக்குத்தான் வந்தேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்ன வெட்டுனாலும் வெட்டு. மாதப்பன் செத்துப் பன்னெண்டு வருசமாச்சு.

— மோரு புளிச்சிருக்குதுங்களா?

— வெளையாடல ஆத்தா. அந்த வருசம் வெள்ளக்கார ராசா பட்டமேறி இருவத்தஞ்சு வருசம், ஜூபிலின்னு சேலமே தோரணங் கட்டியிருந்துச்சு. புளிய எறக்கிட்டு ஜெயிலு கேட்டாண்ட போனேன். வார்டரு ஒருத்தன் பொடி போட்டுக்கிட்டு நின்னான். தருமபுரிப் பக்கத்து மாதப்பன் எப்புடி இருக்கான்னு கேட்டேன். வயித்தால போயி, மாசி மாசமே முடிஞ்சிட்டான், பொதச்ச எடத்துல பூசணி காச்சுத் தொங்குதுன்னான். பூசணி நான் சேத்தது. மிச்சம் அவன் சொன்னது.

— அப்ப வந்து ஊருக்குச் சொல்லியிருக்கலாமே.

— சொல்லத்தான் வந்தேன். நேரா உன் வூட்டுக்குத்தான் வந்தேன். நீ அன்னத்தண்ணி இல்லாம சுருண்டு கெடந்த. பக்கத்து வூட்டு முனியம்மா கஞ்சி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, நீ வாயத் தொறக்கல. என் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ண முழிச்ச. அவன் இருக்கானா பெரியப்பான்னு கேட்ட. இருக்கான், கல்லு மாதிரி இருக்கான், நேத்து ஒரு படி சோறு தின்னான்னு சொன்னேன். நீ எந்திரிச்சு உக்காந்த. கஞ்சியக் குடின்னேன், கையில வாங்கிக் குடிச்ச. அன்னையில இருந்து அவனுக்கு நாந்தான் சோறு போட்டு வளக்கறேன். அவன் கொழுத்தான்னா நீ எந்திரிச்சு ஏரு ஓட்டுவ. ஊரும் உனக்கு ஓடி வந்து களை எடுக்கும். நிறுத்தலாம்னு ரெண்டு மூணு தடவ பாத்தேன். முடியல.

— இத முனியப்பன் கோயில்ல போயிச் சொல்லுங்களேன்.

— சொல்லிட்டுத்தான் வரேன். பூசாரி கொடலு நோவச் சிரிச்சான். இத்தன வருசத்துல நீங்க சொன்னதுலயே இதுதான் நம்பற மாதிரி இல்லன்னு ஒருத்தன் சொன்னான். என் வாயில நெசம் வந்தா எடுபடல காசி. நீதான் சொல்லணும்.

— நீங்க சொல்றது நெசந்தான்.

— நம்பறயா?

— நம்பறதுக்கு என்னா இருக்குது. எனக்கும் பன்னெண்டு வருசமாத் தெரியும்.

— என்னா சொல்ற?

— நீங்க சேலத்துல இருந்து வரதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி ஜெயில்ல இருந்து ஒரு காயிதம் வந்துச்சு. எனக்கு எழுத்து தெரியாது. மிசன் பள்ளிக்கூடத்துத் தெரசா டீச்சர்தான் படிச்சுது. சாகப் போறவன் பக்கத்துக் கட்டில்காரன்கிட்டச் சொல்லி எழுதுனது; அவன் செத்த சேதியையும் சேத்து இவன் பொறவு அனுப்பியிருந்தான். அதுக்கப்பறந்தான் நான் படுத்தது. அவன் செத்தான்னு படுக்கல பெரியப்பா. அதுல எழுதியிருந்ததக் கேட்டுப் படுத்தேன்.

— என்னா எழுதியிருந்துச்சு?

— அன்னிக்குக் கதவு ஒடையலன்னு போலீசுக்காரங்க தலையச் சொறிஞ்சாங்களே, நெனப்பு இருக்குதுங்களா? தாழ்ப்பாளு சரியாத்தான் இருந்துச்சு. உள்ள இருந்து எடுத்து வுட்டது எங் கொழுந்தன், அன்னிக்கு ராத்திரி காட்டுக் காவலுக்குப் போயிருந்தேன்னு சொன்னவரு. தீர்த்தகிரி. கூலி பேசிக் கூட்டிக்கிட்டு வந்ததும் அவருதான். கெணத்துக்கும் மேட்டுக்காட்டுக்கும் அவரு ஒருத்தரே வாரிசா இருக்கணும்னு. நான் ஊருல இல்லாதது கணக்குல தப்பிப்போச்சு.

— ரங்கூன் போன தீர்த்தகிரியா? அவந்தான் யுத்தத்துல குண்டு விழுந்து செத்துட்டானே.

— அப்புடின்னு ஊருக்குச் சொன்னது நீங்க.

— ஆமா. எவனோ கேட்டான், ஏதோ சொல்லணுமேன்னு சொன்னேன்.

— சாகல. கேசு முடிஞ்சதும் கப்பலேறுனாரு, மாதப்பன் என்னிக்காவது வாயத் தொறந்துடுவான்னு பயந்துக்கிட்டு அங்கயே இருந்தாரு. இங்க ஊரு பூரா ஜெயில்ல இருந்தவன நெனச்சுப் பல்லக் கடிச்சுது. காசு குடுத்தவரு அங்க கடை வெச்சு, மீனு தின்னு, நிம்மதியா வயசானாரு. அவருக்கு ஒரு ஜெயிலுகூட இல்ல.

— போலீசுல குடுத்திருக்கலாமே அந்தக் காயிதத்த.

— தெரசா டீச்சர் கேட்டுப் பாத்துது. செத்தவன் கையெழுத்துகூடப் போடாதது, கப்பல் தாண்டி இருக்கறவன, இத வெச்சு யாரு கூட்டிக்கிட்டு வரதுன்னு ஏட்டு ஒருத்தரு சிரிச்சிருக்காரு. சரின்னு விட்டுட்டேன். யுத்தம் முடியட்டும்னு இருந்தேன். போன தைக்கு டீச்சர வெச்சு ரங்கூனுக்கு ஒரு காயிதம் எழுதுனேன். மாதப்பன் ஜெயில்ல செத்துட்டான், எனக்கும் வயசாகுது, புள்ள குட்டி இல்ல, காட்ட உங்க பேர்ல எழுதி வெச்சுடறேன், வாங்கன்னு.

— டீச்சருக்குத் தெரியுமா எதுக்குன்னு?

— மன்னிச்சிட்டேன்னு நெனச்சுது. அழுதுது. நாளைக்கு வராரு.

— நாளைக்கா?

— மெட்ராசுல கப்பல வுட்டு எறங்கி, மொரப்பூரு ரயிலுல வந்து, காலைல அந்தக் கரி பஸ்ஸுல. அங்க இருந்து தருமபுரிக்குப் போட்டிருந்த தண்டவாளத்த யுத்தத்துல புடுங்கிட்டுப் போனது நல்லதாப் போச்சு, இல்லன்னா தருமபுரிக்கே ரயிலுல வந்து இன்னிக்கே ஊருக்குள்ள நுழைஞ்சிருப்பாரு. நான் ஒருத்தியா மேட்டுல நின்னு பாத்துக்கறதாத்தான் இருந்தேன். அதுக்குத்தான் இந்தக் கொடுவாளு. தண்டோரா வந்ததும் எல்லாரும் ஓடி வந்து, காசி, விடுதலையாமே, அவனுக்கானு கேட்டாங்க. நான் ஆமான்னு தலையாட்டுனேன். வேற ஒண்ணும் செய்யல.

— தலையாட்டிட்டு ஒண்ணும் செய்யலங்கற. காசி, நாளைக்கு ஊரையே வெலங்கு மாட்டி இழுத்துக்கிட்டுப் போவான். மாதப்பனுக்குக் கெடைக்காத தூக்கு நம்ம பசங்களுக்குக் கெடைக்கும்.

— எவன் இழுப்பான்? வெள்ளக்காரன் இன்னிக்கு மூட்டை கட்டறான். புதுசா வரவன் நாளைக்குக் கொடி ஏத்தி மிட்டாய் குடுத்துக்கிட்டிருப்பான். நாளைக்கு ஒரு நாளு போலீசுக் கச்சேரியில யாரு பெரியப்பா உக்காந்திருப்பாங்க? ஜெயில்ல இருந்து வந்த கொலகாரன ஊரு அடிச்சுக் கொன்னுடுச்சுன்னா எந்தக் கையின்னு எழுதுவான்? மாதப்பன்னு ஒருத்தன் வெளிய வரவே இல்லன்னு அவங்க காயிதத்தப் பாத்துக் கண்டுபுடிக்கறதுக்குள்ள ராகி அறுப்பே முடிஞ்சிடும்.

— அந்த ஆளு தீர்த்தகிரின்னு ஊருக்குத் தெரிஞ்சிடாதா? இங்கயே பொறந்தவன்.

— போறப்ப சுருட்ட முடி, வத்தலா இருந்தாரு. இப்ப எப்புடி இருக்காருன்னு படம் அனுப்பியிருக்காரு, எனக்கே அடையாளம் தெரியல. செத்தவருன்னு ஊருக்கு நீங்க சொல்லி வெச்சிருக்கீங்க. செத்தவர யாரு பஸ்ஸுல தேடுவாங்க?

— நான் போயி மேட்டுல நின்னு, இவன் மாதப்பன் இல்லடான்னு கத்துனா?

— நம்ப மாட்டாங்க. இவந்தான்னு சொன்னா நம்புவாங்க. இத்தன வருசமா அவனப் போயிப் பாத்துட்டு வந்தது நீங்க ஒருத்தர்தானே. நாளைக்கு எல்லாரும் பஸ்ஸப் பாக்க மாட்டாங்க பெரியப்பா, உங்க மொகத்தப் பாப்பாங்க.

— இந்தப் பாவத்துல என்ன இழுக்காத.

— இழுக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்ன அம்மா வூட்டுல இருந்து கூட்டிக்கிட்டு வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. எம் புள்ளையத் துணியில சுத்தி நீங்கதான் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போனீங்களாமே. எனக்கு யாரும் காட்டல. எப்புடி இருந்தான்? கனமா இருந்தானா?

— கனமே இல்ல, ஆத்தா.

— ம்.

— அடுக்கு மல்லி கூடை மாதிரி இருந்தான். கீழ வெக்கவே தோணல. அவன் சித்தப்பன் தீர்த்தகிரிதான் குழி வெட்டிக் குடுத்தான். அழுதுக்கிட்டே வெட்டுனான். நான் அவன் முதுகத் தட்டிக் குடுத்தேன்.

— தட்டிக் குடுத்தீங்களா.

— இந்தக் கையாலதான்.

— சரி. மோரக் குடிச்சுட்டு வூட்டுக்குப் போங்க பெரியப்பா. நான் பாத்துக்கறேன்.

— அந்தப் படத்தக் கொண்டா காசி. பொழுது சாயறதுக்குள்ள நான் கோயிலுக்குப் போகணும். மாதப்பனோட குறட்டைய, பல்ல, தொப்பிய எல்லாம் ஊருக்குச் சொல்லிட்டேன். இப்ப அவன் மொகம் எப்புடி இருக்கும்னு மட்டும் இன்னும் சொல்லல.