ராவில் யார் விழித்திருப்பது?

"கூடாரத்தில படுக்கவோ இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?"

1996 மார்ச், ஒரு செவ்வாய் மாலை. ஏவன்டேல் நிலையத்தில் ரயிலேறிய, போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்த யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்; கேட்டவர் கணவன். நடுவில் பத்து வயது மகள். சாரணர் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அன்று அறிமுகக் கூட்டம் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"இட்ஸ் ஜஸ்ட் கேம்பிங், அப்பா," என்றாள் மகள்.

"யூனிஃபோர்ம், அணிவகுப்பு, காடு. அங்க ஊரில இயக்கத்துக்குப் பிள்ளையளை இப்பிடித்தானே கொண்டு போனவங்கள்?"

"அங்க ஆர் எங்களைக் கேட்டவை?" மனைவியின் குரல் உயர்ந்தது. "இஞ்ச தாய் தேப்பனைக் கூப்பிட்டு, வந்து பாருங்கோ, கேளுங்கோ எண்டு தேத்தண்ணியும் தாறாங்கள். காம்புக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டை வந்திடுவாள்."

"வராட்டி?"

"வராட்டி நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவன். அதுக்கு இந்த நாட்டில ஆரும் என்னைச் சுடமாட்டாங்கள்."

வண்டி நின்றது. அவர் எழும்பவில்லை.

"நீங்கள் உங்கட பயத்தோட இருங்கோ. நாங்கள் போறம்."

தாயும் மகளும் இறங்கிவிட்டார்கள். கதவு மூடுவதற்குள் அவர் பாய்ந்து இறங்கினார்.

"நில்லும், நானும் வாறன். ராவில கூடாரத்துக்கு வெளியில ஆர் முழிச்சிருக்கிறது எண்டு நான்தான் கேக்கவேணும்."