பல்லுக்குப் பல் ஒரு கதவு

“என் பல்லு ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டிக் கதவு இருக்குக்கா.”

மலேசியாவில், கிள்ளானிலிருந்து வரும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் இப்படிச் சொன்னதும் நான் கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்த நாற்பது வயது அக்கா, பல்வரிசையைச் சீராக்கும் பிரேஸஸ் போட சுபாங் ஜெயா கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார். எந்த வகை என்று இன்னும் முடிவாகவில்லை.

“கதவா?”

“என் பிரேஸஸ்ல கம்பியைப் பிடிச்சுக்கிற குட்டி மூடிலா. சாதா பிரேஸஸ்ல அதுக்குப் பதிலா ரப்பர் வளையம் மாட்டுவாங்க.”

“கதவு வெச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமா?”

“அப்படிச் சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா எனக்குப் பல்லு தேய்க்க ஈசியா இருக்கு.”

“ரப்பர்ல கலர் இருக்காமே? தீபாவளி சேலைக்கு மேட்சா ரோஸ் போடலாம்னு பாத்தேன்.”

“போடலாம். ஆனா ஆட்டுக்கறி பெரட்டல் சாப்பிட்டா மஞ்சள் ஏறிடும்க்கா. என் தங்கச்சிக்குக் காலையில ரோஸா இருந்தது, சாயங்காலம் மஞ்சளாயிடுச்சு.”

அக்கா யோசித்தார். சுபாங் ஜெயா வந்தது. பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“ரப்பரே போட்டுக்கிறேன்லா. சேலையை மஞ்சளா எடுத்துட்டா போச்சு.”