சிவப்புச் சட்டையைக் கழற்றியது

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியவன் இல்லை. என் நாய்கூட மெதுவாகக் கூப்பிட்டால்தான் வரும். பயிற்சியாளர் என்றாலே மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்துகிற ஆள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கத்தினால் பையன்களுக்குக் காது மரத்துப்போகும், அவ்வளவுதான். கெய்லன் தெரியோவிடம் நான் ஒருநாளும் கத்தவில்லை. அதை நீங்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

என் பெயர் வெண்டல் டெம்ஸ்கி. டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தைக் கையால் வீசுகிற குவார்ட்டர்பேக்குகளைத் தயார்செய்வது என் வேலை. கல்லூரியைப் பாதியில் விட்டவன். அதற்குப் பிறகு இதே ஊரில் கண்ணாடித் தொழிற்சாலையில் பல வருடம் இரவு ஷிஃப்ட். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலை எடுத்து அழுத்தம் ஏற்றி உடைப்போம். எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. பகலில் தூங்காமல் உள்ளூர்ப் பள்ளி அணியின் ஆட்டப்படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட, இங்கே வந்து சேர்ந்தேன்.

எங்கள் அணி தோற்பதில் பேர்போனது. கடைசியில் நிற்கிற அணிக்கு, கல்லூரியிலிருந்து வருகிறவர்களில் முதல் ஆளை எடுக்கிற உரிமை உண்டு. அந்த வருடம் அது எங்களுக்கு. அணியின் சொந்தக்காரர் கூட்டத்தில் உட்கார்ந்து, இந்த சீசனும் இப்படியே போனால் மாடியில் இருக்கிற அத்தனை பேரும் பெட்டியைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போக வேறு இடம் இல்லை. தொழிற்சாலையையும் மூடியாகிவிட்டது.

நான் கெய்லன் பெயரைச் சொன்னேன். அணிக்குப் புது ஆட்களைத் தேடிப் பார்க்கிற பெர்ட் ஹாலிகனுக்கு அதில் இஷ்டமில்லை.

"பையன் கை தங்கம்ப்பா, நான் இல்லைங்கல. ஆனா அடி வர்றப்ப கண்ணு கீழ போவுது. நீயே படத்த ஓட்டிப் பாரு."

"பார்த்தேன்."

"அப்புறம் என்ன? அது பொறப்புலயே வரணும், வெண்டல். யாராலயும் சொல்லிக்குடுக்க முடியாது."

அவர் சொன்னது பொய் இல்லை. பந்தைக் கையில் வைத்திருக்கிற குவார்ட்டர்பேக், தூரத்தில் ஓடுகிற தன் ஆட்களைப் பார்க்க வேண்டும். அவனை வீழ்த்த மலை மாதிரி நாலைந்து பேர் வருவார்கள். அவர்களைப் பார்க்கக் கூடாது. பார்த்த கணத்தில் ஆட்டம் போய்விடும். கல்லூரியில் கெய்லனுக்கு முன்னால் நல்ல தடுப்பாட்டக்காரர்கள் இருந்தார்கள். அவன் சட்டையில் மண் ஒட்டியதே அபூர்வம். எப்போதாவது ஒருவன் நெருங்கினால் அவன் கண் தாழும். இமை ஒருமுறை மூடித் திறக்கும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அந்த ஒன்றைத் தவிர அவனிடம் வேறு குறை தெரியவில்லை. என்னிடம் விடுங்கள் என்றேன்.

அவனைத் தேர்ந்தெடுத்த அன்று லூயிசியானாவில் அவன் வீட்டில் இருந்தேன். சுற்றிலும் கரும்பு. அம்மா ஆர்லீன் பெரிய அண்டாவில் கம்போ குழம்பு கிளறிக்கொண்டிருந்தார். தெருவே உள்ளே நின்றது. தொலைக்காட்சியில் பெயர் வந்ததும் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அவர் மட்டும் கரண்டியோடு என்னிடம் வந்தார்.

"மிஸ்டர் வெண்டல், ஒங்க ஊரு குளிராம்ல. எம்புள்ளைய ஒடச்சிக்கிடச்சிப் போட்ராதீங்க, ஆமா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உடைய மாட்டான் என்றேன். நிஜமாக நம்பித்தான் சொன்னேன்.

ஜூலையில் முகாம். பழைய ஆட்கள் அவனுக்குச் 'சர்க்கரை' என்று பெயர் வைத்தார்கள். வீசத் திரும்பும்போது அவன் கண்ணுக்குப் படாத இடது பக்கத்தை, குருட்டுப்பக்கத்தை, காக்கிறவன் மோசே டுயா, சமோவாக்காரன், கதவை அடைத்து நிற்கிற உடம்பு. காலையில் டோனட் வாங்கிவருவது புதுசாக வந்தவனின் வேலை.

"சர்க்கர, இது என்னடா, ஒரே ஒரு பெட்டி? ஒங்க ஊர்ல ஆளுங்க சாப்புட மாட்டீங்களா?"

"ஒனக்குத் தனிப்பெட்டி கார்ல இருக்குண்ணே. தூக்க ரெண்டாள் வேணும்."

"வாய் நல்லா வேல செய்யிது. காலும் அப்படியே செஞ்சா பொழச்சோம்."

பயிற்சியில் குவார்ட்டர்பேக் மட்டும் சிவப்புச் சட்டை போடுவான். சிவப்பைத் தொடக் கூடாது. எவ்வளவு வேகமாக வந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுவிட வேண்டும். எல்லா அணியிலும் இதுதான் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அடியே படாதவனுக்கு அடியைப் பார்க்காமல் இருக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு, கூரை போட்ட உள்மைதானத்தில் அவனைத் தனியாக நிறுத்தினேன். அவனுடைய சிவப்புச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுக்கொண்டேன். குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதே வேலையாக உள்ள, அணியில் இடம் நிச்சயமில்லாத இரண்டு பையன்களைப் பின்னால் நிறுத்தினேன். நான் தொப்பியைத் தொட்டால் அடிக்க வேண்டும். தொடாவிட்டால் நின்றுவிட வேண்டும். எப்போது தொடுவேன் என்று கெய்லனுக்குத் தெரியாது.

"எவ்ளோ பலமா கோச்?" என்று ஒருவன் கேட்டான்.

"உனக்கு இந்த வேலை எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

பலமாகவே அடித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். இருவரையும் நான் அணியில் சேர்க்கச் சொல்லவில்லை. பையன்கள் சுமார்தான்.

முதலில் கெய்லன் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பினான். பிறகு குறைந்தது. ஒருமுறை பின்மண்டை தரையில் பட்டது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். எழுந்து, என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தான். தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன். அடுத்த வீச்சில் கண் தாழவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாளும் வரச் சொன்னேன். மறுப்பே சொல்லாத பையன்.

இதை அணி மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தியிருப்பார்.

ஆகஸ்டில் மூளைச் சோதனை. கணினித் திரையில் சொற்கள் வரும், வடிவங்கள் வரும். எவை முன்பே வந்தன என்று சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்வார்கள். சீசனில் தலையில் அடிபட்டால் மறுபடி சோதித்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். மதிப்பெண் விழுந்திருந்தால் வெளியே உட்காரவேண்டியதுதான். அதனால் ஆட்கள் ஆகஸ்டிலேயே வேண்டுமென்று தப்பாகப் போடுவார்கள். உயரமே இல்லாவிட்டால் விழ முடியாது, இல்லையா. உடைமாற்றும் அறையில் இதைப் புதுசாக வருகிறவனுக்குச் சொல்லாத ஆளே கிடையாது. நானும் கெய்லனிடம் சொன்னேன்.

"அது பொய் இல்லையா கோச்?"

"மூச்சு விட இடம் வச்சுக்கறது."

மதிப்பெண் வந்தது. மருத்துவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவ்வளவு குறைவு. பையன் பாடத்தைப் பிடித்துக்கொண்டான் என்று நினைத்து நடைக்கூடத்தில் அவனை நிறுத்தினேன்.

"கொஞ்சம் அதிகமாவே நடிச்சுட்ட. பரவால்ல."

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"நான் நடிக்கல கோச். அம்மாட்ட சொல்லிட்டு வந்தேன், ஏமாத்த மாட்டேன்னு. தெரிஞ்சதத்தான் போட்டேன்."

நான் யோசித்தேன். அவசரப்பட்டு முடிவெடுக்கிற ஆள் இல்லை நான். மருத்துவரிடம் போனால், உள்மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், சீசன் போய்விடும், அவனுக்கும் பேர் கெட்டுவிடும். போகாவிட்டால், அந்த மதிப்பெண் அவனுக்கு ஒரு பாதுகாப்பு. அதற்குக் கீழே அவன் இனிமேல் விழுவது கடினம். அவனுக்கு நல்லது எதுவோ அதைச் செய்தேன்.

"இதை யார்ட்டயும் சொல்லாதே" என்றேன்.

"சரி கோச்."

செப்டம்பரில் ஆடத் தொடங்கினான். நீங்களும் பார்த்திருப்பீர்கள், நாடே பார்த்தது. சுற்றிலும் ஆட்கள் சரிந்து விழ, ஏரிக்காற்றில் அவன் மட்டும் அசையாமல் நின்று தூரத்தைப் பார்த்தான். பெர்ட் மாடியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்படிச் செய்தாய் என்று கேட்டார். பொறுமை என்றேன். பல வருடத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கார் ஹார்ன் சத்தம் கேட்டது.

சின்னச் சின்ன விஷயங்கள் இருந்தன. உத்திகளின் பெயர் மறந்துபோகும். அவற்றை மணிக்கட்டுப் பட்டையில் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொடுத்தேன். அவனுடைய ஹெல்மெட்டுக்குள் இருக்கிற சின்ன ரேடியோவில் பேசுகிறவன் நான்தான். நான் சொல்வதை அவன் அப்படியே மற்றவர்களிடம் சொல்லிவிடுவான். இரண்டுமுறை மருத்துவர் சோதித்தார். இரண்டுமுறையும் ஆகஸ்ட் மதிப்பெண்ணுக்குச் சமமாகவே வந்தது. காகிதத்தில் அவன் முழு ஆரோக்கியம்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் டுயா என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"சர்க்கர என்னய 'டெல்மார்'னு கூப்புடறான் கோச். வாரம் பூரா."

"டெல்மார் யாரு?"

"அவன் காலேஜ்ல அவனுக்கு முன்னாடி நின்னவனாம். நான் அவனில்லடான்னா சிரிக்கறான். இன்னிக்கி டோனட் வாங்கிட்டு வந்தான். போயிட்டு மறுபடியும் வாங்கிட்டு வந்தான். பசங்க கலாய்க்கக்கூட இல்ல கோச். அமைதியாயிட்டானுங்க."

"களைப்பு, மோசே. டிசம்பர்ல எல்லாருக்கும் வர்றதுதான்."

"அவன உக்கார வையுங்க. நான் கேட்டு எதயாச்சும் பாத்திருக்கீங்களா? இப்ப கேக்கறேன்."

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன்.

மறுநாள் ஜெயித்தால் எங்களுக்கு மேல்சுற்று. கடைசி நிமிடம், ஒரு வீச்சு பாக்கி. எதிரணியின் வலது ஓரத்து ஆள் கால் மாற்றி நின்றான். எனக்கு அது அச்சடித்த மாதிரி தெரிந்தது. டுயா உள்ளே வருகிறவனைத் தடுக்கப் போவான், இவன் வெளிப்பக்கமாகச் சுற்றிக் குருட்டுப்பக்கத்தில் வருவான். ஹெல்மெட்டுக்குள் என் குரல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கச் சில நொடிகள் இருக்கும்போது அது தானாக அணைந்துவிடும். அதற்கு முன் 'இடது' என்று ஒரு சொல் போதும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் திரும்பிப் பார்ப்பான். நான் கற்றுக்கொடுத்தது அதுவல்லவே. அவன் காதில் என் குரல் அணைந்தது. என் கை தொப்பிக்குப் போனது. அது பழக்கம்தான். அங்கே யாரும் என்னைப் பார்த்து ஓடவில்லை. பிறகு ஆட்டப்படத்தில் என் கையை டுயாதான் கவனித்திருக்கிறான். தொப்பிச் சங்கதியை அந்த இரண்டு பையன்கள் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பந்து போய்ச் சேர்ந்தது. ஜெயித்தோம். மற்றவர்கள் எல்லாம் மைதானத்துக்குள் ஓடினார்கள். டுயா மட்டும் விழுந்து கிடந்த கெய்லன் பக்கத்தில் மண்டிபோட்டு, வேறு யாரும் நெருங்காதபடி இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருந்தான்.

போன மாதம் லூயிசியானா போய்வந்தேன். கெய்லனைச் சன்னலோரம் உட்காரவைத்திருந்தார்கள். வெளியே கரும்பு. ஆர்லீன் அவனுக்குச் சோளக்கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னை உள்ளே விட்டார். "யாரு வந்திருக்கா பாரு, ராசா" என்று மட்டும் சொன்னார். அவன் பார்க்கவில்லை. அவர் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனார்.

நான் அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். அப்புறம் குருட்டுப்பக்கமாக, கையைச் சட்டென்று அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனேன், மூக்கில் பட்டுவிடும் அளவுக்கு. ஒன்றுமில்லை. இமைகூட ஆடவில்லை. அந்தக் கண் கரும்புக்கு அப்பால், தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெர்ட்டை எப்படியும் விசாரிப்பீர்கள். மறக்காமல் இதை அவரிடம் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்க முடியாது என்றாரே.