தோய்க்காத புடவை

— வெந்நீர் கொதிச்சிடுச்சு ஜாக்சன் மாமா. அந்தப் புடவைய எடுத்துட்டு வாங்க.

— இன்னாத்துக்கு? பெட்ஷீட்டு, தலகாணி ஒற, ஸ்கிரீனு எல்லாத்தையும் முக்கிட்டியே, பத்தாதா?

— பத்தாது. புள்ள ஃபெபி தலமாட்டுல கெடக்குதே அக்காவோட நீலப் புடவை, அதுதான் மொதல்ல தோய்க்கணும்.

— தோ பார் ஜெயா. ஊடு பூரா தோய், நா ஒண்ணும் சொல்லல. அத்த மட்டும் உட்டுடு.

— அத விட்டுட்டு மத்ததத் தோய்ச்சா, ஓட்டப் பானையில தண்ணி புடிச்ச கதைதான். நேத்து டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க?

— உக்காந்துகினுதான் இருந்தேன். ஈஸ்னோபீலியான்னு ஒண்ணு மட்டும் புரிஞ்சிது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எங்க லேத்து ஷாப்புல பாதிப் பேருக்கு கீது அது.

— சரி, கேளுங்க. எது ஒத்துக்கலன்னு புள்ள கையில குத்திப் பாத்தாங்களே, தூசிப் பூச்சி மருந்து விட்ட எடம்தானே தடிச்சு செவந்துது? கண்ணுக்கே தெரியாத பூச்சி அது. நம்ம ஒடம்புலேர்ந்து உதிர்ற தோலைத் தின்னுட்டு பழைய துணியில குடியிருக்கும். அதோட கழிவு மூச்சுல போனா உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் ஆகாது. ஃபெபி ஒடம்பு அத விரோதின்னு நெனச்சிடுச்சு.

— யாரு நெனச்சது? கொழந்தையா?

— அவ இல்ல மாமா. அவ ஒடம்புல காவலுக்கு இருக்கிற செல்லுங்க. மூச்சுக் குழாயில மாஸ்ட் செல்லுன்னு ஒரு வகை. அந்தத் தூசி பட்டதுமே உள்ள வச்சிருக்கிறதையெல்லாம் கொட்டிடும். குழாய் சுருங்கி இழுப்பு வந்துடும். அது அடங்கி சில மணி நேரம் கழிச்சு, நீங்க சொன்னீங்களே ஈஸ்னோபீலியா, அந்த ஈஸ்னோபில் செல்லுங்க கூட்டமா வந்து சேரும். திரும்பவும் வீங்கிடும்.

— அதான் விடியசொல்லோ மறுக்கா இழுக்குதா?

— அதேதான்.

— காப்பாத்த வந்தவனே கழுத்த நெரிக்கிறானா? இன்னா அநியாயம் ஆண்டவரே!

— இன்னொண்ணும் கேளுங்க. அதுல சில செல்லுங்க மறக்கவே மறக்காது. ஒரு தடவ விரோதின்னு பதிஞ்சிடுச்சுன்னா வருசக் கணக்கா ஞாபகம் வச்சிருக்கும். அதுங்கள மாத்துறது கஷ்டம். பொருளத்தான் நாம தள்ளி வைக்கணும்.

— நானும்தான் மறக்கல ஜெயா. அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?

— மாமா...

— மீன் வறுக்கறத நிறுத்துன்னாங்க, நிறுத்திட்டேன். புள்ள ஆசையா வளத்த பூனைய வேப்பம்பட்டுல கொண்டுபோய் உட்டுட்டு வந்தேன். பாஸ்டரக் கூட்டியாந்து எண்ணெ பூசி ஜெபம் பண்ணேன். இத்த மட்டும் கேக்காத. உங்க அக்கா போன அன்னிக்கி குளிப்பாட்டி, வெள்ளப் பட்டு கட்டி, பொட்டியில வச்சீங்க. அதுக்கு முன்னாடி கட்டிகினு இருந்தத தூக்கிப் போடுன்னாங்க உங்க அம்மா. நாந்தான் யாருக்கும் தெரியாம சட்டைக்குள்ள சுருட்டிகினு வந்தேன். ரெண்டு வருசமா ஒரு சொட்டுத் தண்ணி படல. எவாஞ்சலின் வேர்வ அதுலதான் கீது. அத்தப் போயி வெந்நில முக்குன்றியே, உனுக்கு மனசு வருதா?

— எனக்கு மட்டும் வருதா? என் கூடப் பொறந்தவ மாமா அவ. மொத சம்பளத்துல பூந்தமல்லியில அந்தப் புடவைய எடுத்துக் குடுத்ததே நான்தான்.

— உனுக்கு இன்னா தெரியும்? புள்ளைக்கு இழுப்பு வந்தா, மார்ல விக்ஸ் தேச்சு, அந்தப் புடவைய தலையோட போத்தி மடியில போட்டுக்குவேன். 'அம்மா கீறா பாரு, நல்லா இழுத்து மூச்சு உடு'ன்னுவேன்.

— தலையோடவா?

— ஆமா. அப்பிடியே முந்தானைல மூஞ்ச பொதச்சுக்கும்.

— ஐயோ மாமா... அதுக்குள்ளயா இழுத்து மூச்சு விடச் சொன்னீங்க?

— இன்னா ஜெயா அப்பிடிப் பாக்குற? அப்போ... நானா? நானா எம் புள்ளைக்கு...

— தெரியாமத்தானே செஞ்சீங்க.

— போன மாசம் ஒதடு நீலமாப் போயி, ஆவடி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல தூக்கினு ஓடினேனே... அப்பவும் அத்ததான் சுத்திகினு போனேன்.

— அழாதீங்க. குடுங்க இப்பிடி. ஒரே ஒரு தடவ மோந்து பாத்துட்டு முக்கிடறேன்.

— இந்தா. நல்லா மோந்து பாரு. உங்க அக்கா வாசன வருதா?

— விக்ஸ் வாசனதான் மாமா வருது.

— இல்ல ஜெயா, முந்தானைல பாரு. அங்க கீது. எனக்கு வருதே! ஃபெபிக்கும் வரும். அது இல்லாட்டி அவளுக்குத் தூக்கமே புடிக்காது. ஃபெபி! இங்க வா கண்ணு. சித்தி அம்மா புடவைய தோய்க்கணுங்குது. நீயே சொல்லு. வாணாம் இல்ல?

— தோச்சிடு சித்தி.

— இன்னாம்மா சொல்ற? தெனம் நீதானே கேட்டு வாங்கிப் போத்திக்குற?

— அதுல அம்மா வாசன எப்பவோ போயிடுச்சுப்பா. மூஞ்சில போட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். நான் அத்தப் போத்திகினு படுத்தாத்தான் நீ அழாம தூங்குற.