ரெண்டு மாச ரெஸ்ட்

எங்கம்மா பத்து நிமிசத்துல வந்துருவாவன்னு ரெண்டு மணிக்கே சொன்னம்லா அண்ணாச்சி. அந்தப் பத்து நிமிசந்தான் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. உக்காருங்க. சும்மா சும்மா வாசல்ல போயி எட்டிப் பாத்தா ஆளு வந்துருமா?

அந்தப் பேப்பர மடியில வச்சு இப்படிப் பொத்திக்கிட்டு இருக்க வேண்டாம். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும். நேத்து சாயந்தரம் பம்ப் ரூம் வாசல்ல வச்சு எங்கம்மாட்ட வாசிச்சுக் காட்டுனியல்லா. பொன்மணி ஆகிய நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். சொந்த விருப்பம் எங்கம்மாவோடது, எழுத்து ஒங்களோடது, தேதி மட்டும் போன மாசத்தோடது. கீழ ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதுக்குத்தான இந்த வெயில்ல வந்து உக்காந்திருக்கிய.

தண்ணி குடிக்கியளா? பயப்படாமக் குடிங்க, குடிதண்ணிதான். பிளான்ட்ல சுத்தம் பண்ணுன கழிவுத்தண்ணி வேப்பங்கன்னுக்குப் போயிருது. அதுல ஒரு சொம்பு ஒங்களுக்குக் குடுத்துப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசதான். எங்கம்மா விட மாட்டாவ.

பேன் காத்து வருதா? மாடியில சோலார் பேனல எங்கம்மா தொடச்சு வச்சதாலதான் வருது. வெயில் ஏறுன பெறகு பச்சத்தண்ணி ஊத்துனா கண்ணாடி வெடிச்சிரும். அதனால விடியுமுன்ன கோலும் வாளியுமா நாலு மாடி ஏறுதாவ. லிப்ட் இருக்கு. ஆனா லிப்ட் குடியிருப்போருக்கு மட்டும், பணியாளருக்கு அல்லன்னு ஒரு ஆளு எழுதி ஒட்டுனாரு. சங்கரன்கோவிலுக்கே அது யாருன்னு தெரியும், இப்ப என் முன்னால உக்காந்து தண்ணி குடிக்காரு. எங்கம்மா இதே பிளாக்குல குடியிருக்கவதான் அண்ணாச்சி. யூனிபார்ம் போட்டா படி, கழட்டுனா லிப்ட்டு. வாளியோட ஒருநா லிப்ட்ல ஏறுனதுக்கு எல்லாரு முன்னாலயும் என்ன கேட்டிய? ஏம்மா பொன்மணி, மகாராணிக்கு முட்டி வலிக்கோ?

என்ன முழிக்கிய? ஒங்க கொரல்தான். மூக்கால பேசணும், கடைசி எழுத்த இழுக்கணும். ஒங்கள மாதிரி பேச வாயே தொறக்க வேண்டாம், ரொம்ப லேசு. எங்க ஸ்கூல்ல ஹெச்செம் கொரல்ல மைக்குல நான் லீவு விட்டு, மூணு கிளாசு பைக்கட்டத் தூக்கிக்கிட்டு கேட்டுக்கே போயிருச்சு. ஒரு வாரம் வெளிய நிப்பாட்டுனாவ. இப்ப பிளஸ் டூ, அடங்கி இருக்கேன்.

வெளையாட்டுப் புத்தியா? இருக்கட்டும். வெளையாடுனது யாருன்னு கேளுங்க. இந்த எட்டு பிளாக்கும் நிக்குல்லா, இதுக்கு அடியிலதான் எங்க குடிச இருந்துச்சு. பசுமை வீட்டு வாரியத்துல இருந்து வந்தாவ. எடத்த விடுங்க, வீடு தாறோம், சூரியக் கரண்டு, மழத்தண்ணித் தொட்டி, சுத்தி மரம், இதையெல்லாம் பாத்துக்கிடுத வேலையும் ஒங்களுக்கே, அதுவும் அரசு வேலன்னாவ. தெறப்பு விழாவுல ஒரு பெரிய மனுசர் பேசுனாரு. எனக்கு இன்னும் காதுலயே நிக்கி. அன்பார்ந்த தாய்மார்களே, இந்த மண்ணின் மக்களுக்கு, இந்த மண்ணிலேயே, அரசு வேலை. அரசு வேலைன்னு சொல்லும்போது மைக்கு கீஈஈன்னு கத்துச்சு. அப்பமே எங்களுக்கு வெளங்கியிருக்கணும்.

எங்கம்மாவுக்கு எங்க வெளங்குச்சு. கழுத்துல ஒரு கார்டு மாட்டி விட்டிய. முன்பக்கம் வாரியத்துப் பேரு, கொட்ட எழுத்துல. பின்பக்கம் ஒங்க கான்ட்ராக்ட் ஏஜென்சி பேரு, எறும்பு ஊருத மாதிரி. எங்கம்மா பின்பக்கத்தத் திருப்பியே பாக்கல. மேலநீலிதநல்லூர்ல இருக்க எங்க மாமா வீட்டுக்கு அந்தக் கார்டோடதான் கல்யாணத்துக்கு வந்தாவ. பட்டுச்சேலைக்கு மேல கார்டு. நான் சிரிச்சேன், ஏட்டி சங்கரி, இது கவருமெண்டுட்டி, சிரிக்காதன்னு வஞ்சாவ. அந்தக் கார்டுதான் அண்ணாச்சி எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில தொங்குது. அது போச்சுன்னா எங்கம்மா மறுபடி ஒரு ஆளாவே இல்லாம போயிருவாவ. ஒங்களுக்கு அது ஒரு கையெழுத்து.

எதுத்த பிளாக்கு பூமாரி அக்காவ ஞாபகம் இருக்கா? எப்படி இருக்கும், ஒங்களுக்கு எல்லாரும் ஒரு நம்பர். பிளான்ட் மோட்டார் சத்தத்த வச்சே எங்க அடைச்சிருக்குன்னு சொல்லும். அதுட்ட என்ன சொன்னிய? ஏம்மா பூமாரி, ஒடம்பு முக்கியமில்லையா, ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துக்கோயேன். அந்த மக்கும் நல்ல சூப்பர்வைசர்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துச்சு. ரெஸ்ட் முடிஞ்சு வந்தா, புது ஆளுக்குப் புது கார்டு, இனிமே ஒண்ணுல இருந்து தொடங்கணும், அதுவும் எடம் காலியானாத்தான்னு சொல்லிட்டிய. இப்ப பூ மார்க்கெட்டுல பிச்சி கட்டுது. விரல்ல நார் அறுத்து அறுத்து வரி வரியா இருக்கு. ரெஸ்ட்டுதான்.

சட்டமா? சட்டம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு கேக்கியளா? நீங்கதான். நெசமா. ஒருநா எங்கம்மாவுக்குச் சோத்துவாளி கொண்டு வந்தேன். நீங்க பம்ப் ரூமுக்குள்ள, மோட்டார் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி ஏஜென்சி மொதலாளிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்திய. இல்ல சார், விட மாட்டேன் சார், ரெண்டு வருசத்துக்குள்ள நானூத்தி எம்பது நாளு தாண்டுனா நெரந்தரமாக்குன்னு சட்டம் பேசிக்கிட்டு லேபர் ஆபீசுக்குப் போயிருவாளுவ சார், பொன்மணிக்கு நானூத்தி நாப்பது ஆச்சு, இந்த வாரத்தோட ரெஸ்டுக்கு அனுப்பிருதேன் சார். எங்க வாத்தியாரு கூட இவ்வளவு தெளிவா பாடம் நடத்த மாட்டாரு. சோத்துவாளிய அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன்.

ஆனா அந்த வாரம் நீங்க எங்கம்மாவ அனுப்பல. ஏன் அனுப்பல? சொல்லுங்க. மேடம் சொன்னாவளா? எந்த மேடம், திருநெல்வேலி ஆபீஸ்ல இருக்க எஞ்சினியர் மேடமா? மாசத்துக்கு ஒருக்கா ஜீப்புல வருவாவளே, தொண்டையக் கனைச்சுக்கிட்டு. ம்ம். பெத்துராஜ், நான் ஹெலன் பேசறேன், கொஞ்சம் கவனமா கேளுங்க, ஓகேவா.

ஏன் எந்திரிக்கிய? மேடம் வரல அண்ணாச்சி, நான்தான். உக்காருங்க. செருப்பக் கூட கழட்டிட்டியளே. மேடம்னா இவ்வளவு பயமா? ஒங்களயும் ஒரு வாரத்துல தூக்கிருவாவளா? அப்ப ஒங்களுக்கும் கார்டுல பின்பக்கம் உண்டு.

சரி, மேடம் போன்ல என்ன சொன்னாவ? சென்னையில இருந்து இன்ஸ்பெக்சன் வருது, அது முடியுற வரைக்கும் பேனல் தெரிஞ்ச அம்மாவ மாத்தக் கூடாதுன்னாவளா. சரியாத்தான சொல்லியிருக்காவ. பெறகு வருகை நோட்ட ஜெராக்ஸ் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு சீல் வச்சு, பணியாளர் கையில ஒரு செட்டு குடுக்கச் சொன்னாவ. நீங்களும் குடுத்திய. ஏன் எதுக்குன்னு கேக்கல. இதப்பத்தி ஆபீஸ்ல வச்சு எங்கிட்டயே பேசாதீங்கன்னு வேற சொல்லிட்டாவளாக்கும். நீங்களும் பேசல. இன்ஸ்பெக்சன் வந்துச்சா? ஒண்ணரை மாசமாச்சே. வரும் வரும்.

கோவப்படாதிய. நீங்க இவ்வளவு நேரம் இங்கன உக்காந்திருக்கதே எனக்கு ஆச்சரியந்தான். முன்னெல்லாம் எங்க வீட்டுல பச்சத்தண்ணி தொட மாட்டியளே. ஓ, இன்னைக்குக் காலையிலயும் மேடம் கூப்பிட்டாவளா. கேமரா இருக்க எடத்துல கையெழுத்து வாங்காதீங்க, நேரா அந்தம்மா வீட்டுக்குப் போங்க, நாலு மணி வரைக்கும் அங்கயே இருங்க, நடுவுல யாருக்கும் போன் பண்ணாதீங்கன்னாவளா. அம்மாடி. மேடத்துக்கு எங்க வீட்டு மேல இவ்வளவு அக்கறையா. அதான் ஏஜென்சியில இருந்து மூணு தடவ வந்த போனக்கூட எடுக்காம கட் பண்ணுனிய. நல்ல பணிவு. எங்கம்மாட்ட இதத்தான் எதிர்பாத்திய, இல்ல?

மணி என்ன? நாலு அஞ்சு. அப்ப சரி, நாலு மணி முடிஞ்சிருச்சு.

எங்கம்மா வர மாட்டாவ அண்ணாச்சி. நேத்தோட அவியளுக்கு நானூத்தி எம்பது நாளு முடிஞ்சிருச்சு. நோட்ட நீங்க எண்ண வேண்டாம், ஒங்க மொதலாளி எண்ணிட்டுத்தான ஒங்கள இந்தப் பேப்பரோட முடுக்கி விட்டாரு. காலையில பதினோரு மணி பஸ்ஸுக்கு அவியளும் பூமாரி அக்காவும் தென்காசிக்குப் போயாச்சு, லேபர் ஆபீசுக்கு. நீங்க சீல் வச்ச ஜெராக்ஸ் செட்டு கையில இருக்கு. பட்டுச்சேலதான் கட்டியிருக்காவ. கார்டு ஆணியில இல்ல பாருங்க. மனு குடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியாச்சாம், இப்பந்தான் மெசேஜ் வந்துச்சு. வெவரம் தெரிஞ்சு நீங்க தென்காசிக்கே வந்து மறிச்சிருந்தா எங்கம்மா மனு குடுக்காமத் திரும்பி வந்திருப்பாவ. ஒங்க கொரலக் கேட்டாலே அவியளுக்கு நீட்டுன எடத்துல கையெழுத்துப் போடத்தான் தோணும். அதான் ஒங்கள எங்கயாச்சும் ஒரு எடத்துல உக்கார வைக்க வேண்டியதாப் போச்சு.

மொறைக்கவேண்டாம். அந்தப் பேப்பர் கசங்குது. மேடத்துட்ட சொல்லிருவியளா? தாராளமா. ஆபீஸ் நம்பருக்கு எதுக்கு, ஒண்ணரை மாசமா ஒங்களக் கூப்பிடுத நம்பரு இருக்குல்லா, ஹெலன் மேடம் பர்சனல்னு இங்கிலீஷ்ல சேவ் பண்ணி வச்சிருக்கிய, அதுக்கே போடுங்க. அழுத்துங்க.

போகுதா? ரிங்கு போகுதா?

ஆமா, இந்த வீட்டுக்குள்ளதான் அடிக்கி. சுத்திப் பாக்காதிய. டிவி பின்னால எங்கம்மாவோட பழைய பட்டன் போன் கெடக்கு, சிம்மு மட்டும் புதுசு. இருங்க, எடுத்துப் பேசிருதேன், ஒங்களுக்கு எதுக்கு மிஸ்டு கால்.

ம்ம். பெத்துராஜ், நான் ஹெலன் பேசறேன். ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்களே, ஒடம்பு முக்கியமில்லையா? ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துக்கோங்க, ஓகேவா.