மூன்றாவது இருமல்

பேரன்பு கொண்ட பெருமக்களே, பதறாமல் கேளுங்கள்! பன்னிரண்டு நாட்களுக்கு முன் என் அப்பாவின் வண்டிச் சாவி காணாமல் போய், மறுநாள் காலை சோயா விழுதுச் சாடிகளுக்கு நடுவே கிடைத்ததே, அந்த மாபெரும் வழக்கில் கள்வன் பிடிபட்டுவிட்டான். இதோ, ஒலிவாங்கியைப் பிடித்தபடி உங்கள் முன் நிற்கிறான்!

அவைக்குத் தலைமையேற்ற ஊர்த்தலைவர் அவர்களே, அறுபதாண்டு நிறைவு காணும் எங்கள் பெரியப்பா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து முன்கூட்டியே கண்ணயர்ந்துவிட்ட பெரியோர்களே, அரிசிக் கேக்கை அவித்து அடுக்கி ஆவி பறக்க வைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

"டேய் மூயோல், கேக் ஆறுது. சுருக்கமா முடி!"

முடிக்கிறேன் அத்தை!

ஏழு ஆண்டுகள்! என் அப்பா ஞானஸ்நானம் பெற்று ஏழு ஆண்டுகள். தாத்தாவின் நினைவு நாளில் படையல் முன் விழுந்து வணங்க மாட்டேன் என்று அவர் சொல்லி ஏழு ஆண்டுகள். "அப்பனைக் கும்பிடாதவனுக்கு இந்த வீட்டுல என்னடா வேலை?" என்று பெரியப்பா கேட்டும் ஏழு ஆண்டுகள். அன்று முதல் ஆண்டுதோறும் அம்மாவையும் என்னையும் வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் அப்பா. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரு மேசையில் உண்ணவில்லை. இது தகுமா? முன்னோரைப் போற்றும் நம் ஆன்தோங் ஊருக்கு இது அடுக்குமா?

பொறுத்தது போதுமெனப் பொங்கினேன் நான்! இந்த ஆண்டு நினைவு நாளன்று, பழக்கூடையை இறக்கும் சாக்கில் வண்டிச் சாவியை உருவினேன்.

"சாவியக் காணோம் அண்ணே."

"நல்லாத் தேடு. இருட்டறதுக்குள்ள கிளம்பணுமில்ல?"

"ஆமாண்ணே."

சிரிக்காதீர்கள்! ஏழு ஆண்டுகளில் அவர்கள் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

படையலிட்டோம். தாத்தா உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். ஒன்பது கவளம் உண்ணும் நேரம். பிறகு மூத்த மகன் மூன்று முறை இருமிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். உண்பவரைத் திடுக்கிட வைக்கலாமா?

அப்போது பெரியப்பா திரும்பிப் பார்த்தார். முற்றத்து மரத்தடியில் அப்பா கண்மூடித் தலைகுனிந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். வணங்கும் வழி வேறு. வாய் முணுமுணுத்த "அப்பா" வேறா?

பெரியப்பா இருமினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். காற்றும் காத்திருந்தது.

முற்றத்திலிருந்து வந்தது, மூன்றாவது இருமல்!

"அப்பா சாப்பிட்டிருப்பாரு. திறங்கண்ணே."

"நீயே வந்து திறடா. எனக்குக் கண்ணு தெரியல."

அன்று மீனில் முள் நீக்கித் தம்பியின் சோற்றில் வைத்தார் பெரியப்பா, ஐம்பத்திரண்டு வயதுக் குழந்தைக்கு!

இத்தனையும் எவனால்? அண்ணனையும் தம்பியையும் அருகருகே அமர்த்திய அந்த மாவீரன் எவன்? தட்டுங்கள் கைகளை!

போதும், போதும்... கொஞ்சம் நிறுத்துங்கள்.

இன்று காலை விழாவுக்காக, அப்பா அன்று அணிந்திருந்த அதே மேல்சட்டைக்குத் தூசி தட்டினேன். உள்பையில் ஏதோ குத்தியது. வண்டியின் மாற்றுச் சாவி. அன்று எல்லாப் பைகளையும் தடவித் தடவித் தேடியவர், அந்தப் பைக்குள் மட்டும் கையே நுழைக்கவில்லை.

அப்பா, உங்களுக்குத் தெரியும்தானே? பாருங்கள், பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறார்!

ஆகவே அவையோரே, நான் யாரையும் சேர்த்துவைக்கவில்லை. வெறுமனே ஒரு சாவியைத் திருடினேன், அவ்வளவுதான். தட்டிய கைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். என் பங்குக் கேக்கில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள். பெரியப்பா நூறாண்டு இருமட்டும்! நன்றி, வணக்கம்.