இரண்டாம் வரிசைப் பலகையை நிறுத்திய வெர்னா மிஷோ அவர்களுக்குப் பணி ஓய்வு வாழ்த்து மடல்

ஆல்டர் ஆற்றின் அடிமனம் அறிந்த அம்மையீர்! அணையின் அரணே! உறைபனி நாளிலும் உறையாத உள்ளமே! மின்சாரம் எடுக்கும் இரண்டாம் விசைச்சுழலி இருமத் தொடங்குமுன்பே, வாயில் முட்டையும் ரொட்டியுமாய் இருக்கையிலேயே, “அதுக்கு உடம்பு சரியில்ல, நிறுத்து” என்று இடத்தைவிட்டு எழாமல் ஆணையிட்ட இணையிலாச் செவியே! வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் ஹாலெட் ஃபால்ஸ் நகரத்தின் ஒரே அணையைத் தாங்கள் காத்தீர்கள். அத்தனை ஆண்டுகளில் மூன்றே மேலங்கிகளை மாற்றினீர்கள். தாங்கள் காய்ச்சிய காப்பியைக் குடித்தும் உயிரோடு இருக்கும் நாங்கள் அறுவரும் இவ்வரங்கில் எழுந்து நின்று இம்மடலைப் படிப்பதே தங்கள் பயிற்சியின் வலிமைக்குச் சான்றாகும்.

தகைசால் தலைவியே! தங்கள் புகழின் பெரும்பகுதி, தாங்கள் செய்யாமல் விட்ட ஒரு செயலால் விளைந்தது. நம் அணையின் முகட்டில், நீரை உயர்த்தித் தேக்க, இரண்டு வரிசைப் பலகைகள் நிறுத்த நகரத்துக்கு நூறாண்டுப் பழைய உரிமை உண்டு. தாங்களோ ஆண்டுதோறும் ஒரு வரிசையோடு நிறுத்திக்கொண்டீர்கள். இரண்டாம் வரிசையும் ஏறினால் நம் நீர்த்தேக்கம் பின்னோக்கிப் பெருகி, மேலே உள்ள அணையின் காலடிவரை எட்டும். அங்கே தண்ணீர் விழும் உயரம் குறையும். அவர்கள் மின்சாரமும் குறையும். அதற்குக் கைம்மாறாக, மேலணையின் காவலர் எமில் டூசெட், நாள்தோறும் காலை ஆறு மணிக்குத் தங்களை அழைப்பார். “வெர்னா, எட்டு மணிக்குத் தண்ணி விடறேன். கீழ எவனாவது தூண்டிலோட நின்னா கரையேறச் சொல்லு. அப்புறம், உன் காப்பியை ஆத்துல ஊத்தாத, மீன் செத்துரும்.” இவ்வளவுதான் உடன்படிக்கை. எழுத்தில்லை, முத்திரையில்லை, வசவு மட்டும் உண்டு.

பின்னர், நமக்கு மேலே உள்ள நான்கு அணைகளையும் ஒரே நிறுவனம் வாங்கியது. எமில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆறு மணிநேரப் பயணத் தொலைவிலுள்ள நகரமொன்றில், திரையைப் பார்த்து மதகைத் திறக்கும் முறை வந்தது. காலை அழைப்பு நின்றது. அந்த அழைப்பு எதை வாங்கித் தந்துகொண்டிருந்தது என்று அவர்கள் எவரையும் கேட்கவில்லை.

சென்ற ஜூன் மாதம், நம் தோழர் கிளேட்டன் பர்டி முகட்டில் நின்று முதல் வரிசைப் பலகையை முடுக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர், சொல்லாமல் கொள்ளாமல், இடுப்பளவாயிற்று. “வெர்னா! வெர்னா!” என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தாங்கள் கயிறு வீசினீர்கள். முதல் வீச்சிலேயே பிடித்தார். கரையேறியவரிடம் தாங்கள் கூறிய ஆறுதல் மொழி: “சுத்தியல் எங்கடா?”

அன்று பிற்பகல் அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, நாற்பது நிமிடம் காத்திருப்பு இசை கேட்டு, முடிவில் “அடுத்த காலாண்டில் பரிசீலிப்போம்” என்ற விடையும் பெற்றீர்கள். ஓசையின்றித் தொலைபேசியை வைத்தீர்கள். “கிளேட்டன், கொட்டகையில ரெண்டாவது வரிசைப் பலகை கெடக்குதில்ல? கொண்டு வா” என்றீர்கள். தங்கள் கோபத்தை நாங்கள் கண்டது அந்த ஒருமுறைதான். அது பார்வைக்கு மரவேலைபோல இருந்தது.

மேலணையின் மின்சாரம் குறைந்தது. ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. இலையுதிர் காலத்தில் நம் அணைக்கே விலை பேச ஆளே வந்தார். மார்ச் மாதம் நகரக் கூட்டத்தில், பள்ளி விளையாட்டரங்கில், கூடைப்பந்து வளையத்தின் கீழே நின்று அந்த நிறுவனத்தின் ஆளாகிய கீன் என்பவர் பேசினார். “மேல தண்ணியை நாங்க பிடிச்சா கீழ உங்க சக்கரம் நிக்கும். ஒரே ஆறு, ஒரே முதலாளி. எல்லாருக்கும் நிம்மதி.” பணியாளர் எங்களுக்கு வேலை உறுதி என்றார், இருக்கை சூடாகும் புது வண்டிகள் தருவோம் என்றார். அணை நகரத்தின் கையில் இருக்குமா, போகுமா என்பது அரங்கில் இருந்தோரின் வாக்கு அட்டைகளில் இருந்தது. எங்களில் சிலரோ, உண்மையைச் சொன்னால், இருக்கையைப் பற்றித்தான் யோசித்தோம்.

தாங்கள் எழுந்தீர்கள். “இவர் சொல்றது நெசந்தான். தண்ணி அவங்க கையில” என்றீர்கள். பின்வரிசையிலிருந்து “நீ எந்தக் கட்சி வெர்னா?” என்ற குரல் வந்தது. “உக்காரு, இன்னும் முடிக்கல” என்று அதை அடக்கிவிட்டு, பலகைக் கதை முழுவதையும் நான்கே வாக்கியத்தில் சொன்னீர்கள்.

கீன் புன்னகையோடு, “அந்தப் பலகையை எறக்கிட்டா நாளைக்கே பழையபடி போன் பண்றோம், அம்மா” என்றார்.

“பண்ணுங்க. அன்னிக்கே எறக்கிடறேன். ஆனா இந்த அணையை உங்ககிட்ட வித்துட்டா, அப்புறம் நீங்க யாருக்கு போன் பண்ணணும்?”

வாக்கு அட்டைகள் உயர்ந்தன. விற்க வேண்டும் என்போர் அறுபத்தொருவர். கூடாது என்போர் நூற்றெண்பத்தெட்டுப் பேர்.

பண்பின் பெட்டகமே! அந்த அறுபத்தொருவரில் கிளேட்டன் பர்டியும் ஒருவர் என்பதை இங்கே அவர் ஒப்புதலோடு படிக்கிறோம். கூட்டத்துக்கு முன் அவர் தங்களிடம் வந்து தயங்கியபோது, “ஒனக்கு என்ன வேணுமோ அதுக்கு அட்டையைத் தூக்கு. நான் கயிறு போட்டதுக்காக எனக்குத் தூக்காதே” என்றீர்கள். அவர் தமக்கு வேண்டியதற்கே தூக்கினார். தாங்கள் இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்து அதைக் கண்டீர்கள். மறுநாள் அவருக்கும் அதே காப்பியைத்தான் ஊற்றினீர்கள்.

தங்களுக்குப் பின் காவலர் யார் என்று நகர மன்றத்தார் கேட்டபோது, தாங்கள் ஒரே பெயரைத்தான் எழுதிக் கொடுத்தீர்கள். “அவனா? விக்கணும்னு தூக்கினவனாச்சே!” என்று அவர்கள் வியக்க, தாங்கள் கூறியதை அப்படியே பொறிக்கிறோம்: “அணை ஊரோடது. தோத்த அறுபத்தொரு பேரும் ஊருதான்.”

ஆகவே, அன்னையீர், மூட்டு வலியின்றி, முணுமுணுப்புக் குறையாமல், கரையில் மடக்கு நாற்காலி போட்டு, நாங்கள் செய்யும் தவறுகளை உரத்த குரலில் எண்ணிக்கொண்டு தாங்கள் நெடுங்காலம் வாழ்க! பலகை வரிசை எத்தனை என்று எங்களைக் கேட்கும் உரிமை தங்களுக்கு என்றும் உண்டு. விடை சொல்லும் கடமை எங்களுக்கு.

தங்களை வணங்கி வழியனுப்பும்,
ஹாலெட் ஃபால்ஸ் நகர மின் துறைப் பணியாளர் அறுவர்,
விற்கச் சொன்னவரும் புதிய அணைக் காவலருமாகிய கிளேட்டன் பர்டி முதலாக.